புளி தேய்த்த 1889 பதக்கம்: புதுச்சேரி வீடொன்றில் கிடைத்த ஆறு கண்காட்சிப் பதக்கங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுச்சேரியில் பழைய வீடொன்றைப் பாகம் பிரிக்கும் வேலை நடந்தபோது, பரணிலிருந்த மரப்பெட்டியில் ஆறு பதக்கங்கள் கிடைத்தன. குடும்பத்தின் முன்னோர் நீலத் துணி வாணிபம் செய்தவர்கள். அவுரிச் சாயம் தோய்த்த இந்தத் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கினே’ என்று அழைத்தார்கள். புதுச்சேரியிலிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரை போன சரக்கு அது. அங்கே பிசின் வணிகத்தில் பணத்துக்கு ஈடாகவே கைமாறியது. அப்படிப்பட்ட வணிகக் குடும்பத்தில் பாரிஸ் கண்காட்சிப் பதக்கம் இருப்பதில் வியப்பில்லை.

பதக்கங்களைப் பற்றிக் குடும்பத்தில் வழிவழியாக இரண்டு செய்திகள் சொல்லப்பட்டு வந்தன. நெப்போலியன் முகம் பொறித்தது பாரிசில் மூதாதையரின் கையிலேயே கொடுக்கப்பட்டது என்பது ஒன்று. மேலே துளையிட்ட வெண்ணிறப் பதக்கம் சுத்த வெள்ளி என்பது மற்றொன்று. மீதி நான்கைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை. வெளிநாட்டில் வசிக்கும் உறவினர் ஒருவர், ஆறையும் ஐரோப்பிய இணைய ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்றார். அதற்கு முன் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, பதக்கச் சேகரிப்பில் நீண்ட அனுபவமுள்ள இருவர் அழைக்கப்பட்டார்கள். இந்த அறிக்கையில் ‘குழு’ என்பது அவர்களைக் குறிக்கும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தது ஐப்பசி மழை பிடித்திருந்த வாரம். முந்தைய நாள் இரவு வீட்டில் ஒரு வேலை நடந்து முடிந்திருந்தது.

முதல் நாள்: கண்டவை

கூடத்து மேசையில் வெள்ளைத் துண்டு விரித்துப் பதக்கங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஐந்து மங்கிய நிறத்தில் இருந்தன. ஆறாவது மட்டும் புதிதாக அடித்த செம்புக் காசுபோல இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

“இது எப்படிம்மா இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு?”

“நேத்து ராத்திரி நான்தான் தேய்ச்சேன் தம்பி. குத்துவிளக்குக்குப் போடுற அதே புளியும் உப்பும்தான். மத்ததையும் தேய்க்கலாம்னு இருந்தேன், கரண்டு போயிடுச்சு.”

வீட்டுப் பெரியம்மா நல்லெண்ணத்தோடு செய்த காரியம். மின்வெட்டு மற்ற ஐந்தையும் காப்பாற்றியது. தேய்த்த பிறகு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, பழைய வேட்டித் துணியால் துடைத்திருந்தார்கள். கடலோர ஊரில் ஆழ்துளை நீரில் உப்பு எவ்வளவு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற ஐந்தில் இரண்டு, காசு ஆல்பத்தின் ஒளிபுகும் உறைக்குள் செருகப்பட்டிருந்தன. உறையைத் தொட்டால் விரல் ஒட்டியது. பதக்கத்தின் மேல் பச்சை நிறப் பிசுக்கு படர்ந்திருந்தது. மீதி மூன்றும் பெட்டிக்குள் தனித்தனியே கிடந்தவை.

குழு முதலில் செய்தது, எதையும் இனித் தேய்க்க வேண்டாம், கழுவ வேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அடுத்து ஒளிப்படம். ஒவ்வொன்றுக்கும் முகப்பு, பின்புறம், அதோடு விளிம்பைச் சுற்றி 45 பாகைக்கு ஒன்றாக 8 படங்கள். விளிம்பைப் படம் எடுக்காத பதிவு அரைப் பதிவுதான். ஏன் என்பது நெப்போலியன் பதக்கத்தில் தெரிந்தது.

அடையாளம் காணல்

நெப்போலியன் பதக்கம். முகப்பில் இருந்தவர் முதலாம் நெப்போலியன் அல்லர், மூன்றாம் நெப்போலியன். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக ஊபேர் போன்ஸ்கார்ம் வடித்த பரிசுப் பதக்கத்தின் அச்சு. விட்டம் சுமார் 51 மி.மீ. பின்புறத்தில் பரிசு பெற்றவர் பெயருக்கான பலகை வெறுமையாக இருந்தது. பெயர் இல்லை என்பதே முதல் ஐயம். அதைவிட உறுதியான சான்றை விளிம்பு கொடுத்தது.

பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் தன் பதக்கங்களின் விளிம்பில் ஒரு சிறு குறியும் உலோகத்தின் பெயரும் பொறித்து வந்தது. குறி காலத்துக்குக் காலம் மாறியது: 1832 முதல் பழங்கால விளக்கு, 1841இல் நங்கூரம், 1842 முதல் கப்பல் முகப்பு, 1845 முதல் சுட்டும் கை, 1860 முதல் தேனீ, 1880 முதல் வளக்கொம்பு. வளக்கொம்பு என்பது பழங்கள் வழியும் வளைந்த கொம்பு. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடியில் பார்த்தால் காற்புள்ளி போன்ற கோடும் அதன் வாயில் சிறு புள்ளிகளும் தெரியும். 1867இல் அடித்த பதக்கத்தில் தேனீ இருக்க வேண்டும். இதில் வளக்கொம்பு இருந்தது. பக்கத்தில் வெண்கலம் என்ற பிரெஞ்சுச் சொல்.

மூன்றாம் நெப்போலியன் ஆட்சியை இழந்தது 1870இல். இந்தப் பதக்கம் அடிக்கப்பட்டதோ 1880க்குப் பிறகு. அந்த நாணயச்சாலை பழைய அச்சுகளைப் பாதுகாத்து, கேட்பவர்களுக்கு மறுபடி அடித்து விற்று வந்த நிறுவனம். ஆகவே இது போலி அன்று, மறு அச்சு. கண்காட்சியின்போது பாரிசில் மூதாதையர் கையில் கொடுக்கப்பட்டது என்பதற்கு மட்டும் இடமே இல்லை. வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது வருத்தப்பட்டார். லூப்பைக் கையில் கொடுத்து அவரையே கொம்பைப் பார்க்கச் சொன்ன பிறகு ஏற்றுக்கொண்டார். இத்தகைய செய்தியை வாயால் மட்டும் சொல்லக் கூடாது; உரியவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

வெண்ணிறப் பதக்கம். 1851 லண்டன் பெருங்காட்சி நடந்த கண்ணாடிக் கட்டடமான படிக அரண்மனையின் உருவம்; பர்மிங்காமின் ஆலன் அண்ட் மூர் நிறுவனத்தின் பெயர் அடியில் சிறு எழுத்தில். அந்தக் காட்சியின்போது பார்வையாளர்களுக்கு விற்பதற்காகப் பல நிறுவனங்கள் வெள்ளீயக் கலவையில் நினைவுப் பதக்கங்களை ஏராளமாக அடித்துத் தள்ளின. பார்வைக்கு வெள்ளி போலவே இருக்கும். உரசிப் பார்க்கவோ அமிலச் சொட்டு வைக்கவோ தேவையில்லை. அடர்த்தி பார்த்தால் போதும்.

0.01 கிராம் வரை காட்டும் தராசில் பதக்கத்தின் எடை 33.80 கிராம். பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, தராசு காட்டும் எண்ணைச் சுழியமாக்கினார்கள். பதக்கத்தை மெல்லிய நைலான் இழையில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியையோ சுவரையோ தொடாமல் பிடித்தபோது தராசு காட்டியது 4.62. நீரின் அடர்த்தி 1 என்பதால், அந்த எண்தான் கன சென்டிமீட்டரில் பதக்கத்தின் கன அளவு. 33.80ஐ 4.62ஆல் வகுத்தால் 7.32. வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.36. வெள்ளியாக இருந்திருந்தால் இதே அளவுப் பதக்கம் 48 கிராம் அளவுக்கு இருந்திருக்கும்.

இந்தச் சோதனையில் வழக்கமாக வரும் தவறு காற்றுக் குமிழி. புடைப்பு எழுத்துகளின் இடுக்கில் குமிழி ஒட்டினால் கன அளவு கூடி, அடர்த்தி குறைவாகத் தெரியும். நீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு கலந்தால் குமிழி நிற்காது. சோதனை முடிந்ததும் சோப்பில்லாத வடித்த நீரில் அலசி, துணியால் ஒற்றி, உடனே உலர்த்த வேண்டும். பச்சைப் பொடி பூத்திருக்கும் செம்பு, வெண்கலப் பதக்கங்களை நீரில் இறக்கவே கூடாது.

1886 லண்டன் பதக்கம். தென் கென்சிங்டனில் நடந்த காலனிய, இந்தியக் கண்காட்சியின் நினைவுப் பதக்கம். முகப்பில் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட். செதுக்கியவர் லெனர்ட் சார்ல்ஸ் வையன். விட்டம் 51 மி.மீ. அளவில். விளிம்பில் எதுவும் இல்லாததால் இதற்கும் அடர்த்தி பார்த்தார்கள்: எடை 59.40, கன அளவு 6.76, அடர்த்தி 8.79. வெண்கலம்தான். வார்ப்பு நகலா என்றும் பார்க்கப்பட்டது. மூலத்திலிருந்து அச்சு எடுத்து வார்த்த நகல், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மூலத்தைவிட ஒன்றிரண்டு விழுக்காடு சிறுத்திருக்கும், 51 மி.மீ. பதக்கம் 50.2 ஆகிவிடும். எழுத்தின் அடிக்கால் மழுங்கும், சமதளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் ஓட்டிய கீறல் இருக்கும். இவை ஒன்றும் இல்லை.

1924 வெம்ப்ளி, 1931 பாரிஸ். முதலாவது, 1924 ஏப்ரல் 23 அன்று ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சியின் சிறு பித்தளை நினைவுப் பொருள், வளையம் உடைந்தது. இரண்டாவது, 1931 மே 6 முதல் நவம்பர் 15 வரை வேன்சேன் பூங்காவில் நடந்த காலனியக் கண்காட்சியின் வெண்கலப் பதக்கம். அங்கோர் வாட் கோயிலின் மாதிரியை எழுப்பிய கண்காட்சி அது. பிரெஞ்சு இந்தியாவுக்கும் அங்கே ஓர் அரங்கு இருந்தது. விளிம்பில் வளக்கொம்பு சரியாகவே இருந்தது. இரண்டும் பரவலாகக் கிடைப்பவை.

தேய்க்கப்பட்ட பதக்கம். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சி. லூயி பொத்தே வடித்த பரிசுப் பதக்கம். விட்டம் 63 மி.மீ., எடை 104 கிராம், விளிம்பில் வளக்கொம்பு. பின்புறப் பெயர்ப் பலகையில் ஒரு பெயர் இருந்தது. குடும்பத்தார் யாரும் அதைத் தங்கள் முன்னோரின் பெயராகப் படித்ததில்லை, ஏனென்றால் எழுத்துக்கூட்டல் பிரெஞ்சு முறையில் இருந்தது. அக்காலப் பிரெஞ்சு ஆவணங்களில் ‘பிள்ளை’ என்பது ‘புல்லே’ என்றே வரும். தமிழ் உகரத்தை எழுத இரண்டு உயிரெழுத்தைச் சேர்ப்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலுக்குப் பழகிய கண்ணுக்கு இது வேற்றுப் பெயராகத் தெரியும். குழுவில் ஒருவர் பலகையிலிருந்த பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் உரக்கப் படித்ததும், பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய பாட்டனாரின் தந்தை பெயர்.

ஆறில் இது ஒன்றுதான் குடும்பத்துக்கென்று வழங்கப்பட்ட பரிசு. புளி பட்டதும் இது ஒன்றுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆல்ப உறையில் ஒட்டியிருந்தவை 1886, 1931 பதக்கங்கள். உறை பி.வி.சி.யா என்று அறிய, செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி உறையின் துண்டொன்றைத் தொட்டு, மீண்டும் தீச்சுடரில் காட்டினார்கள். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் உள்ள பிளாஸ்டிக் என்று பொருள். இதைத் திறந்தவெளியில், புகையை மூச்சில் இழுக்காமல் செய்ய வேண்டும். பி.வி.சி. நாளடைவில் அமிலத்தையும் மென்மையாக்கியையும் கசியவிடும். அந்தப் பிசுக்குதான் பச்சையாகப் படர்கிறது. சுத்த அசிட்டோனில், கண்ணாடிக் கிண்ணத்தில் 10 நிமிடம் ஊறவைத்து, திரவத்தை மாற்றி மேலும் இரண்டு முறை. நகப்பூச்சு நீக்கி ஆகாது. அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். ஊறவைக்கும் முன் விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தது முக்கியம்: சில பதக்கங்களுக்கு மேலே அரக்குப் பூச்சு இருக்கும், அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். இங்கே பூச்சு இல்லை. பிசுக்கு போனது, 1931 பதக்கத்தில் கன்னப் புடைப்பின் மேல் சிறு அரிப்புத் தழும்பு மட்டும் நின்றுவிட்டது.

1889 பதக்கத்துக்கு மறுபடி பழுப்பு நிறம் ஏற்ற முடியுமா என்று குடும்பத்தார் கேட்டார்கள். முடியும், செய்யக் கூடாது என்பது குழுவின் முடிவு. நாணயச்சாலையிலேயே ஏற்றிய பழுப்பு மேனியும் அதன் மேல் நூற்றுமுப்பது ஆண்டு படிந்த நிறமும் போனது போனதுதான். புதிதாக ஏற்றும் நிறத்தைத் தேர்ந்த கண் உடனே கண்டுகொள்ளும். பதக்கமே மறு அச்சோ என்ற வீண் ஐயத்தையும் கிளப்பும். அடியில் உப்பு தங்கியிருந்தால் அதை மூடி முத்திரையிட்டதாகவும் ஆகும்.

இந்தக் கடைசிக் காரணத்தைச் சொன்ன குழு, அதிலிருந்து வரவேண்டிய அடுத்த முடிவை எடுக்கவில்லை. பதக்கம் பளபளப்பாக இருந்தது, பொடி எதுவும் தெரியவில்லை. பெயரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எல்லோர் கவனமும் பழைய ஆவணங்களைத் தேடுவதில் போனது. 1889 பதக்கத்தை மென்துணியால் துடைத்து, மற்றவற்றோடு ஒரு பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வைத்து மூடினார்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்கவில்லை. வெளியே மழை, காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்த நாட்கள். இந்த நிகழ்வில் நடந்த பெரிய பிழை இது. வீட்டில் புளி தேய்த்தது அறியாமல் நடந்தது. இது அறிந்தவர்கள் கையில் நடந்தது.

பத்தொன்பதாம் நாள்

டப்பாவைத் திறந்தபோது 1889 பதக்கத்தின் பின்புறத்தில் வெளிறிய பச்சைப் புள்ளிகள் 11 இருந்தன. பெரும்பாலானவை பெயர்ப் பலகையின் உள் ஓரத்திலும் எழுத்துகளின் கால் மடிப்பிலும். சமதளத்தில் ஒன்றுகூட இல்லை.

சாதாரணக் களிம்புக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நிலைத்துவிட்ட களிம்பு கரும்பச்சை, கெட்டி, முள்ளால் கீறினால் எளிதில் வராது. இது வெளிர்பச்சை, முள் பட்டதும் மாவாக உதிர்ந்தது, அடியில் சிறு குழி. சேகரிப்பாளர்கள் வெண்கல நோய் என்று சொல்வது இதைத்தான்.

நடந்தது இப்படி. புளியின் டார்டாரிக் அமிலம் மேலிருந்த ஆக்சைடு மேனியைக் கரைத்து வெறும் உலோகத்தை வெளியே கொண்டுவந்தது. உப்பின் குளோரைடு அந்த வெற்று உலோகத்தோடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு ஆனது. ஈரமும் காற்றும் பட்டால் அது பச்சைப் பொடியாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த அடுக்குச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். ஈரம் இருக்கும்வரை சுழற்சி நிற்காது.

குத்துவிளக்குக்குத் தலைமுறை தலைமுறையாகப் புளி போடுகிறோமே, அதற்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி. விளக்கு கனமானது, வழவழப்பானது, இடுக்கு குறைவு. அலசினால் உப்பு போய்விடும். வாரந்தோறும் மறுபடி தேய்க்கிறோம், எண்ணெய் படிகிறது. பொடி பூத்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அது போய்விடும், கூடவே இம்மியளவு உலோகமும். விளக்குக்கு அந்த இம்மி ஒரு பொருட்டில்லை. பதக்கத்தில் எழுத்தின் உயரமே அரை மி.மீ. இருக்காது.

சிகிச்சை

இந்தக் கட்டத்தில் குழு தன் கையை விலக்கிக்கொண்டு, அருங்காட்சியகப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர் ஒருவரிடம் பதக்கத்தை ஒப்படைத்தது. அவர் செய்தவை:

உருப்பெருக்கியின் கீழ் ரோஜா முள்ளாலும் மூங்கில் சிம்பாலும் புள்ளி புள்ளியாகப் பொடியை எடுத்தார். எஃகு ஊசி எடுக்கவில்லை. முள் வெண்கலத்தைவிட மென்மையானது, தவறினாலும் கீறாது. பிறகு 400 மி.லி. வடித்த நீரில் பதக்கத்தை ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றினார். மாற்றும் நீரில் சிறிது எடுத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் ஒரு துளியும் சில்வர் நைட்ரேட் கரைசல் சில துளிகளும் விட்டுப் பார்ப்பார். குளோரைடு இருந்தால் பால்போல் கலங்கும். முதல் நான்கு நாள் நன்றாகவே கலங்கியது. பிறகு மெல்லிய புகைபோல். ஒன்பதாம் நாள் தெளிவாக நின்றது. பொடி எடுக்காத பதக்கத்துக்கும் பழைய, ஆழமான அரிப்புக்கும் இப்படி வெறும் நீரில் ஊறவைப்பது பொருந்தாது. இங்கே உப்பு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, பொடியும் எடுத்தாயிற்று என்பதால் இந்த வழியைத் தேர்ந்தார்.

அசிட்டோனில் தோய்த்து உலர்த்திய பின், எத்தனாலில் 3 விழுக்காடு பென்சோடிரையசோல் கரைசலில் 24 மணி நேரம். இது செம்பின் மேல் மெல்லிய காப்பாகப் படிந்து ஈரத்தைத் தடுக்கும். நச்சுத்தன்மை உள்ள பொருள். கையுறையும் காற்றோட்டமும் உள்ள ஆய்வகத்தில்தான் கையாள வேண்டும், அடுப்பங்கரையில் அன்று. முடிவில் எத்தனாலில் அலசி, நுண்படிக மெழுகு மிக மெல்லிய பூச்சாக.

ஐந்து வாரம் கழித்து ஒரு புள்ளி திரும்பி வந்தது, பெயரின் கடைசி எழுத்துக்கு அடியில். அந்த இடத்தில் மட்டும் மறுபடி முள், மறுபடி கரைசல். அதன் பிறகு ஆறு மாதக் கண்காணிப்பில் புதிதாக எதுவும் பூக்கவில்லை.

இப்போது பதக்கங்கள் இருப்பது 5 லிட்டர் காற்றுப்புகா டப்பாவில். உள்ளே 250 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பதமானி. ஒவ்வொரு பதக்கமும் பாலியெஸ்டர் உறையில். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. மலிவான ஈரப்பதமானி 5, 10 விழுக்காடு பொய் சொல்லும். அதனால் ஒரு மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீரில் குழைத்து, மூடிய டப்பாவுக்குள் மானியோடு 8 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். மானி 75 காட்ட வேண்டும். இது 79 காட்டியது. அதாவது உண்மையைவிட 4 கூட. ஆகவே மானி 44 காட்டினாலே எச்சரிக்கை என்று டப்பா மேல் எழுதி ஒட்டியிருக்கிறது. மணிகள் நிறம் மாறினால் சிலிக்கா ஜெல்லை 110 பாகை செல்சியசில் மூன்று மணி நேரம் சூடேற்றி மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

காகிதம் கொடுத்த சான்று

பெயர் தெரிந்ததும் குடும்பத்துப் பெண் ஒருவர் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் எண்ம நூலகமான காலிகாவில் தேடத் தொடங்கினார். கண்காட்சிப் பட்டியல்கள் பல அங்கே கிடைக்கின்றன. நேர் எழுத்துக்கூட்டலில் ஒன்றும் வரவில்லை. உகரத்தை ஒற்றை உயிராகவும் இரட்டை உயிராகவும், மெய்யை இரட்டித்தும் இரட்டிக்காமலும் ஏழு வடிவங்களில் தேடிய பிறகு, பிரெஞ்சு இந்தியப் பகுதியில் பெயரும் துணி வகையும் கிடைத்தன.

அதற்குள் பரணிலிருந்து சுருட்டிய தகரக் குழல் ஒன்றும் இறங்கியது. உள்ளே சான்றிதழ். குழலிலிருந்து இழுக்காமல் அப்படியே வல்லுநரிடம் கொடுத்தது சரியான முடிவு; நொறுங்கும் நிலையில் இருந்த தாளை ஈரமூட்டி விரித்தபோது, பதக்கத்தில் இருந்த அதே எழுத்துக்கூட்டலில் பெயரும், பரிசின் தரமும், ஆண்டும் தெளிவாக இருந்தன. பதக்கம், பட்டியல், சான்றிதழ் மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. புளி தேய்த்ததால் பதக்கத்தின் சந்தை மதிப்பு கணிசமாக விழுந்தது உண்மை. இந்தச் சான்று அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிட்டது என்பது குழுவின் மதிப்பீடு. மேனி கெட்ட பதக்கம் பல கிடைக்கும். தமிழ் வணிகர் ஒருவர் பெயரோடும் சான்றிதழோடும் சேர்ந்து வரும் பதக்கம் எளிதில் கிடைக்காது.

விற்பனை பற்றிய முடிவு

வெளிநாட்டு ஏலம் என்ற யோசனை சட்டத்தில் முட்டி நின்றது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டைக் கடந்த காசு, சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள்கள் தொல்பொருள் ஆகும்; வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப்படி, ஆவணங்களுக்கு 75 ஆண்டு. இவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. தபாலில் அனுப்பினாலும் உறவினர் பையில் வைத்துக் கொண்டுபோனாலும் குற்றம் குற்றமே. உள்நாட்டில் தொல்பொருள் விற்பனையைத் தொழிலாகச் செய்யவும் உரிமம் வேண்டும். 1851, 1886, 1889 பதக்கங்களில் விவாதத்துக்கே இடமில்லை. 1867 அச்சில் அடித்தது எந்த ஆண்டு என்று உறுதியாகத் தெரியாததால் அதையும் தொல்பொருளாகவே கொண்டார்கள். வெம்ப்ளியும் நூறைத் தாண்டிவிட்டது. 1931 மட்டும் தாண்டவில்லை; அதை அனுப்புவதென்றாலும், தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்று வாங்க வேண்டும்.

உறவினருக்கு ஏமாற்றம்தான். இரண்டு மாதப் பேச்சுக்குப் பின், விற்பதில்லை, ஆறையும் பிரிப்பதில்லை, பெரியவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். மற்ற பங்காளிகளுக்குச் சான்றிதழின் படமும் பதக்கத்தின் படங்களும் போயின.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் நாளே 1889 பதக்கத்தை வடித்த நீரில் போட்டிருக்க வேண்டும். உப்பு பட்டு 12 மணி நேரம்தான் ஆகியிருந்தது, பொடி பூக்கவில்லை, பேட்டரிக்கென்று கடையில் விற்கும் வடித்த நீர் இரண்டு லிட்டர் போதுமானதாக இருந்திருக்கும். ஊறிய நீரைச் சில்வர் நைட்ரேட்டால் சோதித்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத உப்பு அன்றே தெரிந்திருக்கும். பதக்கம் பளிச்சென்று இருப்பதை நலமாக இருப்பதாக எடுத்துக்கொண்டது தவறு. புதிதாகத் தேய்த்த வெண்கலம் எப்போதும் ஐயத்துக்குரியது.

மழைக்காலத்தில் காற்றுப்புகா டப்பாவை உலர்த்தியில்லாமல் மூடுவது, ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகும். சிலிக்கா ஜெல் கைவசம் இல்லையென்றால், டப்பாவை மூடாமல் காற்றோட்டமான அலமாரியில் வைப்பது மேல்.

தொலைபேசியில் அழைப்பு வந்த கணத்தில், “நாங்கள் வரும்வரை எதையும் துடைக்காதீர்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். குழு சொல்லவில்லை. பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத்தான் பெரியம்மா அன்றிரவு புளியைக் கரைத்தார். இப்போது குழு யாருக்குப் பதில் சொன்னாலும் அதுதான் முதல் வாக்கியம். முகவரி கேட்பது அதற்குப் பிறகு.

ஆவணத் தேடலையும் பதக்கப் பராமரிப்பையும் ஒரே இருவர் செய்தது இன்னொரு குறை. ஒருவர் பொருளைக் கவனிக்க, மற்றவர் பெயரைத் தேடியிருக்கலாம்.

1886 லண்டன் பதக்கம் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊரின் வீட்டுக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி முடியவில்லை. அதில் பெயர் இல்லை, பெட்டி இல்லை, காகிதமும் இல்லை. குடும்பத்தின் சென்னைக் கிளையார் வீட்டில் இன்னும் திறக்காத தகரப் பெட்டிகள் இரண்டு இருக்கின்றன. தை மாதம், மழை ஓய்ந்து காற்று உலர்ந்த பிறகு, அவற்றைத் திறப்பதாக இருக்கிறார்கள்.